நேர்மாறு சார்பு: x, y இரண்டையும் ஏன் இடம் மாற்றுகிறோம்?

#1 | சுழியன்

வணக்கம். இரண்டு நாளாக மண்டையைக் குடைகிற விஷயம் இது. தேர்வில் வந்த கேள்வி:

f(x) = (2x + 3)/(x − 4) எனில் f⁻¹(x) காண்க.

பின்னத்தைப் புரட்டி (x − 4)/(2x + 3) என்று எழுதிவிட்டு, இவ்வளவு லேசான கேள்வியா என்று சந்தோஷமாக வெளியே வந்தேன். மதிப்பெண் சுழியம். 2⁻¹ என்றால் 1/2 தானே? அப்படியானால் f⁻¹ என்றால் 1/f இல்லையா?

வகுப்பில் சொல்லித் தந்த வழி நான்கு வரி. f(x)-க்குப் பதில் y போடு. x-ஐயும் y-ஐயும் இடம் மாற்று. y-ஐத் தனியாக்கு. அதற்கு f⁻¹(x) என்று பெயர் வை. ஏன் இடம் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். "அதுதான் முறை" என்றார்கள். சரி என்று மாற்றிப் பார்த்தால் x = (2y + 3)/(y − 4) என்று வந்து நிற்கிறது. மேலேயும் y, கீழேயும் y. இதை எப்படித் தனியாக்குவது?

#2 | சாக்பீஸ் தூசி

தம்பி, முதலில் அந்த −1. அது அடுக்கு இல்லை. எண்ணுக்கு மேல் −1 போட்டால் பெருக்கலைத் திருப்பிவிடுவது என்று பொருள். சார்புக்கு மேல் போட்டால் அந்தச் சார்பு செய்த வேலையைத் திருப்பிவிடுவது என்று பொருள். எழுத்து ஒன்றாக இருப்பதால் எல்லோரும் இங்கே ஒரு முறை வழுக்கி விழுவார்கள், நானும் விழுந்திருக்கிறேன்.

உங்கள் விடை சரியா என்று யாரையும் கேட்காமலே பார்த்துக்கொள்ளலாம். x = 5 கொடுங்கள். f(5) = 13/1 = 13. ஆக f என்பது 5-ஐ 13 ஆக்கியது. நேர்மாறு என்றால் 13-ஐக் கொடுத்ததும் 5-ஐத் திருப்பித் தர வேண்டும். உங்கள் பின்னத்தில் 13 போட்டால் 9/29 வருகிறது. தேர்வில் இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிடம் ஒதுக்கியிருந்தால் போதும்.

இப்போது கணக்கு. இடம் மாற்றுவதை மறந்துவிடுங்கள். y = (2x + 3)/(x − 4) என்றே வைத்துக்கொண்டு x-ஐத் தேடுவோம்.

y(x − 4) = 2x + 3
yx − 4y = 2x + 3
yx − 2x = 4y + 3
x(y − 2) = 4y + 3
x = (4y + 3)/(y − 2)

நீங்கள் மாட்டிக்கொண்ட இடத்துக்கு மருந்து மூன்றாவது, நான்காவது வரிகள்தான். பகுதியைக் குறுக்கே பெருக்கிப் பின்னத்தை ஒழித்துவிட்டு, தேடுகிற எழுத்து உள்ள உறுப்புகளை எல்லாம் ஒரே பக்கம் ஒதுக்கி, பொதுக் காரணியாக வெளியே எடுக்க வேண்டும்.

y = 13 போட்டுப் பாருங்கள்: 55/11 = 5. வந்துவிட்டதா?

#3 | மூணாவது பெஞ்சு

இடம் மாற்றுவதை மறந்துவிடுங்கள் என்று இவ்வளவு லேசாகச் சொல்லலாமா? கேள்வி f⁻¹(x) காண்க என்று கேட்கிறது. நீங்கள் y-யில் விடை தந்திருக்கிறீர்கள். திருத்துகிறவர் சிவப்பு மையோடு காத்திருப்பார். முதலிலேயே மாற்றிக்கொண்டால் கடைசியில் மறக்காது. நான் அப்படித்தான் படித்தேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

#4 | சாக்பீஸ் தூசி

கடைசி வரியில் f⁻¹(y) = (4y + 3)/(y − 2), ஆகவே f⁻¹(x) = (4x + 3)/(x − 2) என்று எழுதினால் முடிந்தது. அது வெறும் பெயர் மாற்றம். f⁻¹(t) என்று எழுதினாலும் அதே சார்புதான். முதலிலேயே மாற்றினால் விடை தவறாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது வரியிலேயே x எது, y எது என்ற அர்த்தம் கலைந்துபோகிறது. சுழியன் குழம்பியதே அங்கேதான்.

#5 | நேர்கோடு

இந்தச் சண்டைக்கு வெப்பநிலை நல்ல உதாரணம். செல்சியஸைப் பாரன்ஹீட்டாக்கும் சூத்திரம் F = (9/5)C + 32. இதன் நேர்மாறு வேண்டும் என்றால் என்ன செய்வோம்? 32-ஐக் கழித்து, 5/9-ஆல் பெருக்குவோம்: C = (5/9)(F − 32). முடிந்தது கதை.

இங்கே போய் C-யையும் F-ஐயும் இடம் மாற்றினால் C = (9/5)F + 32 என்று வரும். அது அப்பட்டமான பொய். நீர் 212 பாரன்ஹீட்டில் கொதிக்கிறது. இந்தப் பொய்ச் சூத்திரத்தில் 212 போட்டால் 413.6 செல்சியஸ் வரும். எழுத்துக்கு அர்த்தம் இருக்கும் இடத்தில் யாரும் இடம் மாற்ற மாட்டார்கள். x, y என்று அர்த்தமில்லாத எழுத்து இருப்பதால்தான் நாம் தைரியமாக மாற்றுகிறோம்.

சரி, அப்படியானால் ஏன் மாற்றுகிறார்கள்? வரைபடத்துக்காகத்தான். உள்ளே போகும் எண் கிடைமட்ட அச்சில், வெளியே வரும் எண் குத்தச்சில் என்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். நேர்மாறில் உள்ளே போவது பழைய y. அதைக் கிடை அச்சுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதால் பெயரை மாற்றுகிறோம். (a, b) என்ற புள்ளி (b, a) ஆகிறது. அதனால்தான் y = x என்ற கோட்டில் கண்ணாடி வைத்த மாதிரி வளைகோடு பிரதிபலிக்கிறது. இந்தப் பழக்கம் வேண்டாம் என்றால் புதிதாகப் படமே வரைய வேண்டாம். பழைய படத்தையே குத்தச்சிலிருந்து வளைகோட்டுக்குப் போய், அங்கிருந்து கிடை அச்சுக்கு இறங்கிப் படித்தால் அதுவே f⁻¹.

#6 | சுழியன்

ஐயோ, இந்தக் கடைசி வரியை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஒரே படம், படிக்கும் திசைதான் வேறு. புரிந்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி.

அடுத்த சந்தேகம். இதே தேர்வில் இன்னொன்று: f(x) = x² − 6x + 5, x ≥ 3. இதற்கு x = 3 ± √(y + 4) என்று எழுதினேன். 5-க்கு 2 தந்தார்கள். ± போட்டது தப்பா?

#7 | வளைகோடு

தப்புதான். 2 கொடுத்ததே தாராளம் :)

x² − 6x + 5 = (x − 3)² − 4. ஆக (x − 3)² = y + 4. இதுவரை நீங்கள் செய்தது சரி. வர்க்கமூலம் எடுக்கும்போது இரண்டு வழி பிரிகிறது. f(5) = 0, f(1) = 0, இரண்டும் 0 தான். யாராவது வந்து "0 தந்த எண் எது?" என்று கேட்டால் 5 என்பீர்களா, 1 என்பீர்களா? சார்பு என்றால் ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் இருக்க வேண்டும். ± என்பது இரண்டு பதில், அது சார்பே இல்லை.

கேள்வியில் x ≥ 3 என்று சும்மா எழுதவில்லை. பரவளையத்தின் உச்சி x = 3-இல் இருக்கிறது. அதற்கு வலப்பக்கம் மட்டும் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரே புள்ளி. எனவே + மட்டும்: f⁻¹(x) = 3 + √(x + 4), x ≥ −4. கேள்வியில் x ≤ 3 என்று இருந்திருந்தால் − மட்டும். இந்தக் கணக்குக்கு உயிரே அந்த நிபந்தனையில்தான் இருக்கிறது, நாம் அதைத் தாண்டிக்கொண்டு இயற்கணிதத்துக்கு ஓடுகிறோம்.

கிடைமட்டக் கோட்டுச் சோதனை என்று படித்திருப்பீர்கள். எந்தக் கிடைக்கோடும் படத்தை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வெட்டக் கூடாது. வெட்டினால் ஒன்றுக்கொன்றான சார்பு இல்லை, நேர்மாறும் இல்லை.

#8 | குறிமுறையாளன்

நிரல் எழுதுகிறவன் பார்வையில்: இரண்டு வெவ்வேறு உள்ளீடு ஒரே வெளியீட்டைத் தந்தால் தகவல் அழிந்துவிட்டது. அழிந்த தகவலை எந்தச் சூத்திரத்தாலும் மீட்க முடியாது. x² என்பது குறியை (+ அல்லது −) அழித்துவிடுகிறது. x ≥ 0 என்று நிபந்தனை வைப்பது, அழியப் போகும் தகவலை வெளியே எழுதி வைத்துக்கொள்வது மாதிரி.

#9 | மூணாவது பெஞ்சு

உவமை நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஓட்டை. மேல் சார்பாகவும் இருக்க வேண்டும், அதாவது துணை மதிப்பகத்தில் (வெளியீடு வரலாம் என்று முன்பே சொல்லி வைத்த எண்களில்) ஒன்றுகூட விடுபடாமல் வெளியீடாக வர வேண்டும். ஒன்றுக்கொன்றாகவும் மேல் சார்பாகவும் இருக்கிற இருபுறச் சார்புக்குத்தான் நேர்மாறு உண்டு என்று படித்தோமே. அதை ஏன் யாரும் பேசவில்லை?

#10 | வளைகோடு

அது பெரிய தடை இல்லை என்பதால்தான். துணை மதிப்பகத்தில் யாரும் தொடாத எண்கள் இருந்தால் அவற்றை வெட்டிவிட்டு, வீச்சகத்தையே (உண்மையில் வெளியே வரும் எண்களையே) துணை மதிப்பகமாக வைத்துக்கொள்ளலாம். சார்பின் வேலை ஒன்றும் மாறாது. ஒன்றுக்கொன்று இல்லை என்றால் மதிப்பகத்தையே (உள்ளே போகும் எண்களையே) வெட்ட வேண்டும், அப்போது சார்பே வேறாகிவிடுகிறது. இரண்டு வெட்டும் ஒன்றில்லை.

#11 | சாக்பீஸ் தூசி

மதிப்பகப் பேச்சு வந்ததால் ஒரு பொறி வைக்கிறேன். g(x) = √(x − 2) + 1. நேர்மாறு என்ன? சுழியன் மட்டும் பதில் சொல்லவும்.

#12 | சுழியன்

y − 1 = √(x − 2). இருபுறமும் வர்க்கம்: (y − 1)² = x − 2. ஆக x = (y − 1)² + 2. g⁻¹(x) = (x − 1)² + 2. இதில் ± எல்லாம் இல்லையே, எங்கே பொறி?

#13 | சாக்பீஸ் தூசி

உங்கள் விடையில் x = −1 போடுங்கள். 4 + 2 = 6 வரும். இப்போது g(6) = √4 + 1 = 3. −1 கொடுத்தேன், 3 திரும்பி வருகிறது. எங்கே தவறு?

#14 | சுழியன்

ஓ... g ஒருபோதும் 1-க்குக் கீழே போகாது. வர்க்கமூலம் குறை எண் ஆகாது. அதனால் நேர்மாறுக்கு −1-ஐக் கொடுக்கவே கூடாது. g⁻¹(x) = (x − 1)² + 2, x ≥ 1. சரியா?

#15 | சாக்பீஸ் தூசி

சரி. சூத்திரத்தை மட்டும் பார்த்தால் எல்லா மெய்யெண்ணுக்கும் விடை வரும் போலத் தெரியும். இருபுறமும் வர்க்கம் எடுத்த கணத்தில் அந்த நிபந்தனை சத்தமில்லாமல் காணாமல் போயிற்று. பழைய சார்பின் வீச்சகமே புதிய சார்பின் மதிப்பகம் என்று பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் கணக்கைத் தொடங்குங்கள். உங்கள் முதல் கணக்கிலும் இது உண்டு. f-இன் மதிப்பகத்தில் 4 இல்லை, f⁻¹-இன் மதிப்பகத்தில் 2 இல்லை. (2x + 3)/(x − 4) எந்த x-க்கும் 2 ஆகாது. ஆக வேண்டுமென்றால் 2x + 3 = 2x − 8 ஆக வேண்டும், அது நடக்காது.

#16 | ராத்திரி ஆந்தை

முதல் கணக்குக்கு ஒரு குறுக்கு வழி. (ax + b)/(cx + d) வடிவில் எது வந்தாலும் a-யையும் d-யையும் இடம் மாற்றி, இரண்டுக்கும் குறியை மாற்றிவிடுங்கள். b, c அப்படியே இருக்கட்டும். (2x + 3)/(x − 4) → (4x + 3)/(x − 2). ஐந்து வினாடி.

2 × 2 அணியின் நேர்மாறு படித்தவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று புரியும். இரண்டும் ஒன்றுதான், ஒரு −1 பொதுவாக மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. ad − bc = 0 ஆனால் அணிக்கு நேர்மாறு இல்லாத மாதிரியே இங்கும் இல்லை. உதாரணமாக (2x + 6)/(x + 3). மேலே 2-ஐ வெளியே எடுத்தால் வெறும் 2 என்ற மாறிலி. எல்லோரையும் 2-க்கே அனுப்பும் சார்பை எப்படித் திருப்புவது?

இன்னொரு வேடிக்கை: d = −a ஆக இருந்தால் சார்பு தனக்குத் தானே நேர்மாறு. (3x + 5)/(x − 3)-ஐச் செய்து பாருங்கள், கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள்.

#17 | மூணாவது பெஞ்சு

தேர்வில் குறுக்கு வழி எழுதினால் படிநிலை மதிப்பெண் போகும். சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நேர்கோடு சொன்ன கண்ணாடிப் படத்திலிருந்து எனக்குப் பிடித்த ஒன்று. f-உம் f⁻¹-உம் வெட்டிக்கொள்ளும் புள்ளி எப்போதும் y = x கோட்டில்தான் இருக்கும். அதனால் f(x) = f⁻¹(x) என்ற சமன்பாட்டைத் தீர்க்க f(x) = x போட்டால் போதும். பாரன்ஹீட் கணக்கில் (9/5)x + 32 = x போட்டால் x = −40. இரண்டு அளவுகளும் ஒன்றாகும் இடம் அதுதான்.

#18 | வளைகோடு

−40 சரி, "எப்போதும்" தவறு. f(x) = −x³ எடுங்கள். f(1) = −1. f(−1) = 1. ஆகவே f⁻¹(1) = −1. (1, −1) என்ற புள்ளி இரண்டு வளைகோட்டிலும் இருக்கிறது, y = x கோட்டில் இல்லை. (−1, 1) உம் அப்படியே.

#19 | மூணாவது பெஞ்சு

வரைந்து பார்த்தேன். தோற்றேன். இத்தனை வருடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேனே! எப்போது உண்மை என்றாவது சொல்லுங்கள்.

#20 | வளைகோடு

சார்பு ஏறுமுகமாகவே போனால் உண்மை. (a, b) இரண்டிலும் இருக்கிறது என்றால் f(a) = b, f(b) = a. a < b என்று வைத்துக்கொண்டால் ஏறுமுகம் என்பதால் f(a) < f(b), அதாவது b < a. முரண். b < a என்று வைத்தாலும் இதே கதி. ஆக a = b. பாரன்ஹீட் ஏறுமுகம் என்பதால் உங்களைக் காப்பாற்றியது. −x³ இறங்குமுகம், காப்பாற்றவில்லை.

#21 | குறிமுறையாளன்

அந்த −1 குறியீட்டைப் பற்றி எனக்கு ஒரு தீராத மனத்தாங்கல். சைன்² x என்றால் சைன் மதிப்பின் வர்க்கம். சைன்⁻¹ x என்றால் சைன் மதிப்பின் தலைகீழ் இல்லையாம், நேர்மாறாம். ஒரே இடத்தில் போட்ட எண்ணுக்கு இரண்டு அர்த்தம். சுழியன் ஏமாந்ததில் என்ன ஆச்சரியம்?

#22 | நேர்கோடு

அந்தக் குறியீட்டை 1813-இல் பிரசுரித்தவர் ஜான் ஹெர்ஷல். அவர் கணக்கில் அது ஒழுங்காகத்தான் இருந்தது. f² என்றால் f-ஐ இரண்டு முறை செய்வது, f⁻¹ என்றால் ஒரு முறை பின்னால் போவது. சைன்² x-ஐ வர்க்கமாகப் படிக்கும் பழக்கம்தான் இதோடு ஒட்டவில்லை. குழப்பம் வேண்டாம் என்பவர்கள் ஆர்க்சைன் என்று எழுதுகிறார்கள்.

கால்குலேட்டரில் சைன் 150° = 0.5. திருப்பி ஆர்க்சைன் 0.5 கேட்டால் 30° என்கிறது. கருவி பழுதில்லை. சைன் ஒன்றுக்கொன்று இல்லை என்பதால் −90° முதல் 90° வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். பரவளையத்துக்கு x ≥ 3 போட்ட அதே வைத்தியம்.

#23 | சுழியன்

கடைசியாக ஒன்று. பயிற்சித் தாளில் h(x) = x⁵ + x என்று கொடுத்து h⁻¹(34) கேட்டிருக்கிறார்கள். y = x⁵ + x என்று எழுதி ஒரு மணி நேரமாக x-ஐத் தனியாக்கப் பார்க்கிறேன். முடியவே இல்லை.

#24 | ராத்திரி ஆந்தை

ஒரு மணி நேரம் இல்லை, ஆயுள் முழுக்க உட்கார்ந்தாலும் முடியாது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் எடுத்தல் இவற்றை மட்டும் வைத்து இதற்குச் சூத்திரம் எழுத முடியாது. ஐந்தாம்படிச் சமன்பாட்டுக்கு அப்படி ஒரு பொதுச் சூத்திரம் கிடையாது என்று ஏபெல் 1824-இல் நிறுவினார். இந்தச் சார்பும் அந்த வலையில் விழுகிறது.

ஆனால் நேர்மாறு இருக்கிறது. x கூடினால் x⁵ கூடும், x-உம் கூடும், ஆகவே h ஏறுமுகம், ஒன்றுக்கொன்று. கேள்வி h⁻¹-இன் சூத்திரத்தைக் கேட்கவில்லை. எதைப் போட்டால் 34 வரும் என்றுதான் கேட்கிறது. x⁵ + x = 34. 2 போட்டுப் பாருங்கள். 32 + 2.

#25 | சுழியன்

2! ஒரு மணி நேரம்!!

#26 | குறிமுறையாளன்

நேர்மாறு இருப்பது வேறு, அது கைக்கு எட்டுவது வேறு. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் உருவாக்கிய மறையாக்க முறை இந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கிறது. பூட்டும் சார்பு எல்லோருக்கும் தெரியும். அதற்கு நேர்மாறும் உண்டு. ஆனால் இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கலைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவருக்கு அது அகப்படாது.

#27 | சாக்பீஸ் தூசி

இழை நீண்டுவிட்டது, இருந்தாலும் ஒன்றை விட்டுவிட்டோம். சுழியன், f(x) = 2x + 7, g(x) = x³. முதலில் f, பிறகு g செய்தால் (2x + 7)³. இதன் நேர்மாறில் எதை முதலில் அவிழ்ப்பீர்கள்? முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்ட கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

#28 | சுழியன்

கடைசி முடிச்சை முதலில். கனமூலம் எடுத்து, 7 கழித்து, 2-ஆல் வகுக்க வேண்டும். (∛x − 7)/2. சோதனை: x = −3 கொடுத்தால் (−6 + 7)³ = 1. திருப்பி 1 கொடுத்தால் (1 − 7)/2 = −3. மதிப்பகம்: கனமூலத்துக்கு குறை எண்ணும் ஓகே, ஆகவே எல்லா மெய்யெண்களும்.

#29 | மூணாவது பெஞ்சு

கேட்காமலே சோதனையும் மதிப்பகமும் எழுதிவிட்டான். x, y-ஐ இடம் மாற்றவும் இல்லை. நான் போய் −x³-ஐ இன்னொரு தரம் வரைந்து பார்க்கிறேன்.